செத்த மீன்குஞ்சுகளை மறைக்க வேண்டாம்

வணக்கம் அக்கா,

நாமக்கல் பக்கம் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். நரம்பறிவியலில் பிஎச்டி செய்ய ஆசை. ஆனால் எங்களுக்கு அதில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. ப்ராஜெக்ட்டுக்கு ஜீப்ரா மீன் குஞ்சுகளின் நீச்சலைப் பதிவு செய்தேன். முதல் இரண்டு மாதம் குஞ்சுகள் செத்துக்கொண்டே இருந்தன. குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின்தான் காரணம் என்று பிறகுதான் பிடிபட்டது. அதனால் முடிவு என்று காட்டப் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு இடம் கிடைக்குமா? "இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா?" என்கிறார் அப்பா.

ச.

அன்புள்ள ச.,

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். ஐந்து என்று சொல்லி ஆறு ஆனால் வீட்டில் மனத்தாங்கல் வரும். ஆறு என்றே இப்போது சொல்லிவிடுங்கள். கூடவே இது காசு கட்டிப் படிக்கிற படிப்பு இல்லை என்பதையும் சொல்லுங்கள். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000. 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை இது. வீட்டு வாடகைப்படி தனி.

விலங்கியல் படித்ததைக் குறையாக நினைக்கிறீர்கள். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்துக்கு இயற்பியல், பொறியியல், உளவியல், மருத்துவம் படித்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் (ஐஐஎஸ்சி) அப்படித்தான். நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் சமன்பாடாக எழுதினார்கள். அவர்கள் அளந்து பார்த்தது கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை. வெறும் கண்ணுக்கே தெரியும் அந்த இழை நரம்புதான் என்று 1930களில் எடுத்துக்காட்டியவர் ஜே. இசட். யங், உங்களைப் போல விலங்கியல்காரர்.

"முடிவு என்று ஒன்றுமில்லை" என்ற வரிதான் எனக்கு வருத்தமாக இருந்தது. விண்ணப்பத்தோடு கேட்கும் எஸ்ஓபியை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதும் கட்டுரையை, பாதிப் பேர் "சிறு வயது முதலே மூளை என்னை வியக்க வைத்தது" என்றுதான் தொடங்குகிறார்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. உங்களிடம் இரண்டு மாதத்துச் சாவும் அதன் காரணமும் இருக்கின்றன. தீனி இல்லை, வெப்பம் இல்லை, முட்டை இல்லை, தண்ணீர்தான் என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? அதை முதல் பத்தியில் எழுதுங்கள். நேர்முகத்தில் அரை மணி நேரம் அதைப் பற்றியே கேட்பார்கள்.

என் பிஎச்டியில் நான் செய்தது பேட்ச் கிளாம்ப், அதாவது ஒரே ஒரு செல்லின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறை. எலி மூளையை 300 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, ஆக்சிஜன் குமிழியிட்ட உப்புக்கரைசலில் போட்டால் ஐந்தாறு மணி நேரம் உயிரோடு இருக்கும். அதற்குள் ஒரு மைக்ரான் முனையுள்ள கண்ணாடிக்குழலை ஒரு செல்லின் மேல் கொண்டுபோய் வைத்து, குழாய் வழியே வாயால் மெல்ல உறிஞ்ச வேண்டும். செல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் திரையில் மின்தடை விறுவிறுவென்று ஜிகா ஓம் வரைக்கும் ஏறும். இரண்டாம் வருடத்தில் எனக்கு மூன்று மாதம் எல்லாப் பதிவும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போனது. என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். அந்த லேப்பில் திங்கட்கிழமை மீட்டிங்கில் படம் காட்ட வேண்டும். படம் இல்லாதவர்களிடம் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

பிறகு வேறு கைடிடம் மாறினேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கிரவுண்ட் வயரைக் கடைசியா எப்ப ப்ளீச்சுல போட்டீங்க?" கிரவுண்ட் வயர் என்பது கரைசலில் போட்டிருக்கும் வெள்ளிக் கம்பி. அதன் மேலிருந்த குளோரைடு பூச்சு தேய்ந்துபோயிருக்கிறது, பதிவு நகர்ந்தது அதனால்தான். அரை மணி நேரம் ப்ளீச்சில் ஊறவைத்தால் கம்பி கருஞ்சாம்பல் நிறமாகிவிடும், அவ்வளவுதான் வேலை. வாயைத் திறந்திருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

அதனால், இடம் கிடைக்குமா என்பதைவிட யாரிடம் சேருவது என்பதை நினைத்துத்தான் நான் கவலைப்படுகிறேன். நேர்முகத்துக்குப் போகும் அன்று கேன்டீனில் அந்த லேப்பின் நான்காம் வருட மாணவரைப் பிடியுங்கள். "கடைசியாகப் பரிசோதனை கெட்டபோது கைடிடம் எப்படிச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கடைசியாக முடித்த மூன்று பேருக்கு எத்தனை வருடம் ஆனது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

அமெரிக்காவையும் மனதில் வைத்திருந்தால்: அங்கே பெரும்பாலான நரம்பறிவியல் பிஎச்டிகளில் முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டுத்தான் கைடைத் தேர்ந்தெடுப்பார்கள். பேசத் தயங்குகிறவர்களுக்கு அது பெரிய வரம். டியூஷன் கட்டணம் கட்ட வேண்டாம், உதவித்தொகையும் உண்டு. பல இடங்களில் ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் இருக்கும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பக் கூச்சப்படாதீர்கள்.

எஸ்ஓபி முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். குளோரின் போகத் தண்ணீரை எத்தனை மணி நேரம் வைத்திருந்த பிறகு குஞ்சுகள் பிழைத்தன என்பது அதில் இருக்க வேண்டும்.