ஸ்டீராய்டு மாத்திரையைத் தை மாதத்துக்குள் நிறுத்த முடியுமா?

கேள்வி: எனக்கு 51 வயது. ஏழு ஆண்டுகளாக முடக்குவாதம் இருக்கிறது. வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் காலையில் பிரெட்னிசோலோன் 10 மி.கி. என்று எழுதிக் கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்சேட் போட்ட மறுநாளெல்லாம் குமட்டியதால் ஓராண்டாக அதை விட்டுவிட்டேன். பிரெட்னிசோலோனை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன்; அந்த மாத்திரை தொடங்கி நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முகம் உப்பிவிட்டது. சர்க்கரையும் வந்துவிட்டது. “அது ஸ்டீராய்டு, உடனே நிறுத்து” என்று நாத்தனார் சொன்னதால் ஆடி மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். நான்காம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் வலி. மறுபடி மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. நடுவில் தெரிந்தவர் ஒருவர் வாங்கிக் கொடுத்த பொடியில் நல்ல குணம் தெரிந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. தை மாதம் மகளுக்குத் திருமணம். அதற்குள் மாத்திரையை நிறுத்த வழி உண்டா? ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா? நான் இதற்கு அடிமையாகிவிட்டேனா?

— வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தை மாதத்துக்குள் முடியாது அம்மா. முயலவும் வேண்டாம். அதற்காக ஆயுள் முழுக்க இதே கதிதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் நிலையில் இருந்த பலர் ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ இந்த மாத்திரையை விட்டிருக்கிறார்கள். திருமணத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆடி மாதம் நடந்ததை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அடிமையாகிவிடவில்லை. சிறுநீரகங்களின் உச்சியில் அட்ரினல் என்று இரண்டு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. நாம் உயிர்வாழத் தேவையான கார்ட்டிசாலைத் தினமும் சுரப்பது அவற்றின் வேலை. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி உத்தரவு அனுப்பும். பிரெட்னிசோலோனும் கார்ட்டிசாலின் இனம்தான். அது தினமும் வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும். வாசலுக்கே தண்ணீர் லாரி வருகிற வீட்டில் கிணற்றை யார் தூர்வாருவார்கள்? நான்கு ஆண்டுகளில் உங்கள் அட்ரினல் சுருங்கி உறங்கிப் போயிருக்கும். மாத்திரை நின்ற நான்காம் நாள் உடலில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத சோர்வு மூன்றும் சேர்ந்து வந்ததைப் பார்த்தால் கார்ட்டிசால் பற்றாக்குறையாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு மாத்திரையை மறுபடி போட்டது உங்கள் அதிர்ஷ்டம். ரத்த அழுத்தம் படுத்து, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம்.

உங்கள் நாத்தனார் மீது எனக்குக் கோபம் இல்லை. ஸ்டீராய்டைப் பற்றி அவர் பயந்ததில் பாதி நியாயம் இருக்கிறது. சொல்லப்போனால் இந்த மருந்தின் பேரும் புகழும் தொடங்கியதே உங்கள் நோயில்தான். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் ஃபிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து கடைத்தெருவுக்குப் போய்வந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்பிவிடுகிறது என்பதும், நீண்ட நாள் கொடுத்தால் உடல் வேறு வகையில் விலை கொடுக்கிறது என்பதும் அதே மருத்துவர்களுக்கு விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆகவே முடக்குவாதத்தில் ஸ்டீராய்டுக்கு இன்று நாங்கள் கொடுக்கும் இடம் மிகக் குறுகியது. நோயை அடக்கும் மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்கள், சில மாதங்கள். அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் கோளாறு அங்கேதான். நோயை அடக்கும் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு, இடைக்கால மருந்தான பிரெட்னிசோலோனை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் பிரெட்னிசோலோனை எவ்வளவு மெதுவாகக் குறைத்தாலும் மூட்டுகள் வீங்கும். வீங்கினால் அளவைக் கூட்டுவீர்கள். இந்தச் சுற்றிலேயே பத்தாண்டு கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே தை மாதத்துக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, மூட்டுவாத நிபுணரிடம் போய் மெத்தோட்ரெக்சேட்டையோ அதற்கு மாற்றையோ மறுபடி தொடங்குவது. பழைய சீட்டைக் காட்டி நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வாரத்துக்கு ஒரே நாள் என்பதை மறந்து தினமும் போட்டு உயிருக்குப் போராடியவர்கள் உண்டு என்பதால், கிழமையை அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள்.

குமட்டலுக்கு வழி இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் படுத்துவிட்டால் பாதிப் பேருக்கு மேல் தூக்கத்திலேயே அது கழிந்துவிடும் என்பது என் அனுபவம். ஃபோலிக் அமிலம் வேறொரு நாளில் கட்டாயம் வேண்டும். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம், அல்லது மருந்தையே மாற்றலாம். குமட்டுகிறது என்று அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லியிருந்தால் இந்த ஓராண்டு வீணாகியிருக்காது. இந்த மருந்து முழுப் பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை பிரெட்னிசோலோன் 10 மி.கி. அப்படியே இருக்கட்டும்.

இனி குறைக்கும் விதம். 10-இலிருந்து 5 வரை ஒரு பயணம், 5-இலிருந்து பூஜ்யம் வரை இன்னொரு பயணம். இரண்டையும் ஒரே கணக்கில் போடுவதால்தான் பலர் பாதி வழியில் விழுகிறார்கள்.

இயல்பான உடல் ஒருநாளில் சுரக்கும் கார்ட்டிசாலுக்குச் சமம், ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோன். 5-க்கு மேல் நீங்கள் சாப்பிடுவதெல்லாம் நோய்க்கான மருந்து. அதைக் குறைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, மூட்டு தாங்குகிறதா என்பது. நோய் அடங்கியிருந்தால் மாதம் ஒருமுறை 1.25 அல்லது 2.5 மி.கி. என்று இறங்கிவிடலாம். 5-க்குக் கீழே கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே தாங்க வேண்டியது அட்ரினல். மூட்டு அடங்கிக் கிடந்தாலும் அட்ரினல் விழிக்காமல் இருக்கலாம். 1 மி.கி. மாத்திரை தாராளமாகக் கிடைக்கிற பிரிட்டன் போன்ற நாடுகளில் மாதத்துக்கு 1 மி.கி. குறைப்பார்கள். நமக்கு வசதி 2.5 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைப்பது. 5, 3.75, 2.5, 1.25 என்று படி வைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு மாதமாவது நில்லுங்கள். ஒரு படியில் இரண்டு மாதம் நின்றாலும் குற்றமில்லை. மேலுறை போட்ட வகை மாத்திரையை உடைக்கக் கூடாது என்பதால், உடைக்கத் தக்க வகையைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

குறைக்கும் மாதங்களில் வலி வராமல் இருக்காது. வருகிற வலி எதனுடையது என்று பிரித்தறியத் தெரிந்தால்தான் அடுத்த படிக்கு இறங்குவதா, நிற்பதா, ஏறுவதா என்று முடிவெடுக்க முடியும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் ஒரு மணி நேரம் விறைத்திருக்கிறதா? விரல் கணுவில், மணிக்கட்டில் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா? சாவியைத் திருகவோ பாத்திரத்தைத் தூக்கவோ கை மறுக்கிறதா? அது மூட்டின் வலி. நோய் எழுந்திருக்கிறது. உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனைகளும் பெரும்பாலும் அதையே சொல்லும். மற்ற மருந்தை வலுப்படுத்த வேண்டும்.

இரண்டாவது வகையில் வீக்கம் இருக்காது. அளவைக் குறைத்த சில நாட்களில் தொடையும் தோளும் முதுகும் காய்ச்சல் விட்ட உடம்புபோல் வலிக்கும். மனம் சோர்ந்து அழுகை வரும். விட்டதால் வரும் வலி இது. பழைய உயர்ந்த அளவுக்குப் பழகிய உடல் முரண்டு பிடிக்கிறது. ஓரிரு வாரம் பொறுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். தணியாவிட்டால் முந்தைய படிக்கு ஏறி, அடுத்த முறை இன்னும் சின்னப் படியாக இறங்கலாம்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. பசியே இல்லை, எடை குறைகிறது, குமட்டல், உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுகிறது, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி எழத் தெம்பில்லை. சர்க்கரை மருந்து சாப்பிடுகிற உங்களுக்குச் சர்க்கரை காரணமில்லாமல் இறங்கவும் செய்யும். இது அட்ரினலின் குரல். இப்படி இருந்தால் பொறுத்துப் பார்க்காதீர்கள். அன்றைக்கே அளவை முந்தைய படிக்கு ஏற்றிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

அட்ரினல் விழித்ததா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை உண்டு. இப்போது எடுப்பதில் பயனில்லை. 5-க்கு வந்தபின் எடுக்கலாம். காலை 8 மணி வாக்கில், அன்றைய மாத்திரையைப் போடுமுன், முந்தைய மாத்திரைக்கு 24 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் பரிசோதனை பிரெட்னிசோலோனையும் கார்ட்டிசால் என்று எண்ணிப் பொய்க்கணக்குக் காட்டும். கார்ட்டிசால் அளவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி தேறிவிட்டது. 5-க்குக் கீழ் என்றால் இன்னும் உறக்கம். மாத்திரையைத் தொடர்ந்து, சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் அவசரப்படாமல் படி இறங்கி மீண்டும் சோதிக்கலாம். முழுவதும் விழிக்கச் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வேண்டாம். வேறு சில நோய்களில் அந்த முறை உதவுகிறது. முடக்குவாதத்தில் மாத்திரை இல்லாத நாளில் மூட்டு பிடித்துக்கொள்ளும், நீங்கள் நொந்துபோய்க் கூடுதலாகப் போட்டுவிடுவீர்கள். தினமும் காலை உணவுக்குப் பின் ஒரே வேளை என்பதே நல்லது. இரவில் போட்டால் தூக்கம் கெடும், சுரப்பியும் கூடுதலாக அடங்கும். விரத நாளிலும் மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

குறைக்கும் காலத்திலும், நிறுத்திய பிறகு ஓராண்டு வரையிலும் காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது. இயல்பான உடல் காய்ச்சலின்போது கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். உங்களால் அது முடியாது. 5 அல்லது அதற்குக் கீழ் இருக்கும்போது நல்ல காய்ச்சல் வந்தால் இரண்டு மூன்று நாள் காலை 5, மாலை 5 என்று 10 மி.கி. போட்டுவிட்டு, தணிந்ததும் நேரே பழைய அளவுக்குத் திரும்பலாம். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் இருக்காதீர்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி வேண்டும், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போனாலும் போதும். பல் பிடுங்குவதாக இருந்தாலும், அறுவை சிகிச்சையாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “நான் நான்கு ஆண்டுகளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறேன், மயங்கிக் கிடந்தால் ஹைட்ரோகார்ட்டிசோன் போடவும்” என்று தமிழில் எழுதிய ஒரு சீட்டு பர்ஸில் இருக்கட்டும். இதை மகளுக்கும் கணவருக்கும் சொல்லி வையுங்கள்.

எல்லோராலும் பூஜ்யத்துக்கு வர முடிவதில்லை. 2020-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று: டோசிலிசுமாப் என்ற வலுவான மருந்தால் நோய் கட்டுக்குள் இருந்து, தினமும் 5 மி.கி. ஸ்டீராய்டு சாப்பிட்டு வந்தவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். அப்படியே தொடர்ந்தவர்களில் 77 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியே இருந்தது. மாதம் 1 மி.கி. வீதம் குறைத்து நிறுத்தியவர்களில் 65 சதவீதத்தினருக்கு. மூன்றில் இரண்டு பங்கினர் தப்பித்தார்கள் என்பது என் கண்ணுக்கு நல்ல செய்திதான். மீதிப் பேரில் நீங்கள் ஒருவராகி 2.5 மி.கி.யில் நின்றாலும் 10-க்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அந்தப் பொடியைப் பற்றி. நாட்டு மருந்தையெல்லாம் நான் குறை சொல்வதில்லை. ஆனால் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் கொடுக்காத, பெயரில்லாத பொட்டலத்தில் வந்து சில நாட்களில் முடக்குவாத வலியைத் துடைத்தெடுக்கிற பொடியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரெட்னிசோலோனைவிட அது பல மடங்கு வீரியம் கூடியது, அட்ரினலை இன்னும் ஆழமாக உறங்கவைப்பது. இனி தொடாதீர்கள். சாப்பிட்டதை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம்.

எலும்பு அடர்த்திப் பரிசோதனை, கண்புரைக்கும் கண் அழுத்தத்துக்குமான பரிசோதனை இரண்டும் இந்த ஆண்டே முடிந்துவிட வேண்டும். கால்சியம், வைட்டமின் டி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் போடும் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறுவது பிற்பகலில்தான், எனவே வெறும் வயிற்றுச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அளவு குறையக் குறையச் சர்க்கரை மருந்தையும் குறைக்க வேண்டி வரும்.

திருமணத்துக்கு வருவோம். இப்போதே சிகிச்சையைத் தொடங்கினால் மார்கழிக்குள் 7.5-க்கு வந்திருக்கலாம். அதோடு நில்லுங்கள். பத்திரிகை வைக்க அலைவது, தூக்கம் கெடுவது என்றிருக்கும் அந்த இரண்டு மாதத்தில் ஒரு படிகூட இறங்க வேண்டாம். முக உப்பல் தைக்குள் முழுவதும் வடியாது. 5-க்கு வந்த சில மாதங்களில் வடியத் தொடங்கும். முகூர்த்தம் அதிகாலையாக இருந்தால் மாத்திரையையும் ஒரு இட்லியையும் மண்டபத்துக்குக் கிளம்புமுன் சாப்பிட்டுவிடுங்கள். அங்கே போனால் பந்தி முடியும்வரை உங்களை உட்காரவிட மாட்டார்கள்.