மாமாவிடம் எந்தப் புத்தகங்களைக் கேட்பது?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா அனுப்பிய டிசி கொமிக்ஸ்களை வாசித்து வளர்ந்தவன் நான். 2011இல் ‘நியூ 52’ என்று சொல்லி எல்லாவற்றையும் முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கினார்கள். சூப்பர்மேனும் லொயிஸும் கலியாணம் கட்டவே இல்லை என்றாகிவிட்டது. சக்கர நாற்காலியில் இருந்த ஒரக்கிள் எழும்பி நடக்கிறாள். ஐந்தாறு தலைப்புகளோடு வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். மாமா இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், என்ன கொண்டுவர என்று கேட்கிறார். விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? பழையவற்றை யாருக்கும் கொடுத்துவிடவா?
– கொக்குவில் வாசகர்

பதில்: பழையவற்றைக் கொடுக்க வேண்டாம், தம்பி. விட்ட இடத்திலிருந்து தொடரவும் வேண்டாம்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முதலாம் இலக்கத்தின்மேல் கோபிக்காதீர்கள். 1985–86இல் 12 இதழ்களில் வந்த ‘கிரைசிஸ் ஒன் இன்ஃபினிட் ஏர்த்ஸ்’ டிசியின் கதையுலகத்தையே மாற்றியமைத்த கதை. அது முடிந்த கையோடு, ஜோன் பேர்ன் சூப்பர்மேனை அடியிலிருந்து புதிதாக எழுதினார். நீங்கள் விரும்பி வாசித்த சூப்பர்மேன் அந்த வழியில் வந்தவர்தான். 2011இல் பிழைத்தது வேறு இடத்தில்: பாதியை அழித்தார்கள், பாதியை அப்படியே விட்டார்கள்.

நன்றாக விற்றுக்கொண்டிருந்த பேட்மேன், கிறீன் லான்டர்ன் கதைகளில் பெரும்பகுதியைத் தொடவில்லை. மற்றவர்களுக்குப் புதுப்பிறப்பு. அதற்கு மேல், வீரர்கள் உலகுக்குத் தெரியவந்து ஐந்து வருடங்கள்தான் என்று ஒரு கணக்கு. பேட்மேனுக்குத் துணைநிற்கும் ரொபின்கள், டிக், ஜேசன், டிம், டேமியன் என்று நான்கு பேரும் அந்த ஐந்து வருடத்துக்குள் அடங்கவேண்டும். டேமியனோ பேட்மேனுக்குப் பிறந்த பத்து வயதுப் பிள்ளை. கணக்கு இடித்ததும், டிம் ஒருநாளும் ரொபினாக இருந்ததில்லை, தொடக்கத்திலேயே ‘ரெட் ரொபின்’ என்ற வேறு பெயரில்தான் இருந்தான் என்று மாற்றினார்கள். எழுதுகிறவர்களுக்கே எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரியாமல் போனது. ஜோர்ஜ் பெரெஸ் ஆறு இதழ்களோடு ‘சூப்பர்மேன்’ தலைப்பை விட்டுப் போனார். சூப்பர்மேனை வளர்த்த கென்ட் தம்பதி உயிரோடு இருக்கிறார்களா என்பதற்குக்கூடத் தனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை என்று பிறகு அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஒரே மாதத்தில் 52 தலைப்புகளை இறக்கியதால் பலவற்றுக்கு மூச்சுவிட இடமே இல்லை. ‘ஸ்டாட்டிக் ஷொக்’, ‘மிஸ்டர் டெரிஃபிக்’ உட்பட ஆறு தலைப்புகள் எட்டாம் இதழோடு நின்றன.

ஒரக்கிள் விஷயம் இவை எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. 1988இல் ஜோக்கர் சுட்டதில், முன்பு பட்கேர்ளாக இருந்த பார்பரா கோர்டனின் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. அடுத்த வருடமே ஜோன் ஒஸ்ட்ரான்டரும் கிம் யேலும் அவளை ஒரக்கிளாகக் கொண்டுவந்தார்கள். இருபது வருடத்துக்கு மேலாகச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே மற்ற வீரர்களை எல்லாம் வழிநடத்தியவள். புதிய உலகில் அது மூன்று வருட நோயாகச் சுருங்கியது. ஒரு சத்திரசிகிச்சையோடு மறுபடி பட்கேர்ளாகக் கூரைமேல் பாய்கிறாள். எழுதிய கெயில் சிமோன் அவளுடைய பயத்தையும் நடுக்கத்தையும் அக்கறையோடுதான் எழுதினார். ஆனாலும் ஒரக்கிளின் இடத்துக்கு யாரும் வரவில்லை. செல்லடியிலும் கண்ணிவெடியிலும் கால் போனவர்கள் வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தும் மண்ணில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு அது சுட்டதில் வியப்பே இல்லை.

இப்போது நல்ல செய்தி. உங்கள் சூப்பர்மேன் திரும்பி வந்துவிட்டார். 2015இல் தொடங்கிய ‘சூப்பர்மேன்: லொயிஸ் அன்ட் கிளார்க்’ என்ற எட்டு இதழ்க் கதையில், 2011க்கு முந்திய சூப்பர்மேன் மனைவியோடும் மகன் ஜோனோடும் புதிய உலகில் ஒளிந்து வாழ்கிறார். எழுதியவர் டான் ஜேர்கன்ஸ். முதலில் அதைக் கேளுங்கள். பிறகு, டிசி மறுபடி முதலாம் இலக்கத்திலிருந்து தொடங்கிய 2016இன் ‘ரீபேர்த்’ வரிசையில் பீற்றர் டொமாசியும் பற்றிக் கிளீசனும் செய்த ‘சூப்பர்மேன்’ முதல் நான்கு தொகுப்புகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: மூன்றாம் தொகுப்பு 17ஆம் இதழோடு முடிகிறது, நான்காவது 20இல் தொடங்குகிறது. இடையிலுள்ள 18, 19 இரண்டும் ‘சூப்பர்மேன் ரீபோர்ன்’ என்ற தனிப் புத்தகத்தில் இருக்கின்றன. பழைய சூப்பர்மேன், நியூ 52 சூப்பர்மேன் இருவரின் வாழ்க்கையும் ஒன்றாவது அதில்தான். அது இல்லாமல் நான்காவதை எடுத்தால் மறுபடி குழம்புவீர்கள்.

நியூ 52ஐ முழுதாக ஒதுக்கவும் வேண்டாம். மற்றத் தலைப்புகளில் முட்டாமல் தன்பாட்டில் ஓடிய கதைகள் நன்றாகவே வந்தன. பிரையன் அசரெல்லோ, கிளிஃப் சியாங்கின் ‘வொண்டர் வுமன்’ ஆறு தொகுப்புகளில் முழுமையாக முடிகிறது. வேறெதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஸ்கொட் ஸ்னைடர், கிறெக் கபுல்லோவின் ‘பேட்மேன்’ முதல் இரண்டு தொகுப்புகளும் அப்படியே. ஜெஃப் லெமியரின் ‘அனிமல் மேன்’ முதல் இரண்டு தொகுப்புகள் அபாரம். அதன் மூன்றாவது தொகுப்பு, ‘ஸ்வாம்ப் திங்’ என்ற இன்னொரு தலைப்பின் மூன்றாம் தொகுப்போடு பின்னிக் கிடக்கிறது, சில அத்தியாயங்கள் இரண்டிலும் அச்சாகியிருக்கின்றன. இரண்டையும் வாங்கினால் ஒரே பக்கங்களுக்கு இரண்டு தரம் காசு.

மாமாவிடம் “பேட்மேன் முதலாம் தொகுப்பு” என்று மட்டும் சொல்லாதீர்கள். நியூ 52இலும் ஒன்று உண்டு, ரீபேர்த்திலும் ஒன்று உண்டு. தொகுப்பின் பெயரையும் எழுத்தாளர் பெயரையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். எந்தெந்த இதழ்கள் உள்ளே என்று முன்பக்கச் சிறு எழுத்தில் இருக்கும், கடையில் அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கட்டி அட்டைப் பதிப்பு வேண்டாம், பாரம். மெல்லட்டைத் தொகுப்பு ஒன்று ஏறத்தாழ 300 கிராம்தான்.

பழைய இதழ்களை மாரி தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். நிலத்தில் மட்டைப்பெட்டியில் இருந்தால் கறையான் வரும். இரும்பு அலுமாரியில், சுவரோடு ஒட்டாமல், ஒவ்வொன்றையும் பொலிப்ரொப்பிலீன் உறையில் அமிலமற்ற மட்டையோடு போட்டு நிறுத்தி வையுங்கள். ஈரம் பட்டதை மூடியபடி காயவிட்டால் வழுவழுப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது படம் உரிந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையில் வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிழலில் உலர்த்துங்கள்.