வாசகர் கேள்வி: ஒப்பிடச் சொன்னால் ஏன் திணறுகிறார்கள்?

கேள்வி: ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 'சிக்கனம், கஞ்சத்தனம் ஒப்பிடுக' என்றால் இதைப் பற்றி மூன்று வரி, அதைப் பற்றி மூன்று வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். 'ஆவியாதல், கொதித்தல்' கேள்விக்கும் இதே கதைதான் என்கிறார் அறிவியல் டீச்சர். ஒப்பிடும் சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?
- ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள் டீச்சர். போல, விட, ஆனால், மாறாக எல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்களா என்ன? "அவனைவிட எனக்குக் கம்மியா வெச்சுட்டீங்க" என்று சத்துணவு வரிசையில் சண்டை போடுகிற பிள்ளைக்கு 'விட' தெரியும். அங்கே எதை அளக்கிறோம் என்பதும் அவனுக்குத் தெரியும், சோற்றை. ஆவியாதல், கொதித்தல் என்று வரும்போது எதை வைத்து அளப்பது என்பதுதான் பிடிபடுவதில்லை.

அதனால் 'எதில்?' என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். எந்த வெப்பநிலையில்? நீரின் எந்தப் பகுதியில்? இதற்கு வாயால் பதில் வந்தபிறகு எழுதச் சொன்னால் இப்படி வரும்: "இரண்டிலும் நீர் ஆவியாகத்தான் மாறுகிறது. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் மட்டும் நடக்கும். கொதித்தலோ, கடல்மட்டத்தில் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வந்தபிறகு, நீர் முழுவதிலும் நடக்கும்." இதில் 'இரண்டிலும்' என்பதன் 'உம்' சேர்க்கிறது, 'கொதித்தலோ' என்பதன் 'ஓ' பிரிக்கிறது. பட்டியலில் இந்த இரண்டும் இருக்காது, ஏனென்றால் இவை தனிச்சொற்களே இல்லை, ஆனால் தமிழில் ஒப்பிடுகிற வேலையில் பாதியை இவைதான் செய்கின்றன. இவற்றுக்கு அடிக்கோடு போட வையுங்கள்.

அடுத்து 129ஆம் குறள். "தீயினால் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினால் சுட்ட வடு." வேற்றுமை அணிக்கு நாம் வழக்கமாகக் காட்டும் உதாரணம்தான், அணியின் பெயரை மட்டும் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். தீயும் சுடும், நாவும் சுடும் என்று ஒற்றுமையை வைத்துவிட்டு, எதில் பிரிகின்றன என்றால் ஆறுவதில் என்கிறார். அதோடு நிற்காமல், தீ சுட்டதைப் 'புண்' என்றும் நாக்கு சுட்டதை 'வடு' என்றும் பெயரையே மாற்றிவிடுகிறார் பாருங்கள், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

'மாறாக' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். நேர் எதிரானவற்றுக்குத்தான் அது பொருந்தும். நெருக்கமான இரண்டு கருத்துகளுக்கு நடுவில் அதைப் போட்டால் வாக்கியமே பொய்யாகிவிடும்.

உங்கள் கேள்வியில் உள்ள ஜோடிக்கு வருகிறேன். "சிக்கனத்தைவிட கஞ்சத்தனம் அதிகம்" என்று ஒரு பிள்ளை கட்டாயம் எழுதும். தப்பு என்று அடிக்காமல், பக்கத்தில் 'எதில் அதிகம்?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். "ரெண்டு பேருமே பார்த்துப் பார்த்துத்தான் செலவு பண்ணுவாங்க, ஆனா வீட்டுல காய்ச்சல்னா சிக்கனக்காரர் டாக்டர்கிட்ட போவாரு, கஞ்சரோ போகமாட்டாரு" என்று வாயால் சொல்லிவிட்டால், அதையே அப்படியே எழுதச் சொல்லுங்கள், எழுத்து நடைக்கு மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.