வீட்டு சர்வரை வெளியிலிருந்து அணுக போர்ட் ஃபார்வர்டிங் ஏன் தேவை?

இணையத்திலிருந்து ரவுட்டரின் குறிப்பிட்ட போர்ட் எண்ணுக்கு (எந்தச் சேவைக்கான இணைப்பு என்பதைக் காட்டும் எண்) வரும் இணைப்பை, வீட்டுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட கணினிக்கு அனுப்பிவிடுமாறு முன்கூட்டியே பதிந்து வைக்கும் விதிதான் போர்ட் ஃபார்வர்டிங்.

வீட்டுக் கருவிகளுக்கு 192.168.1.20 போன்ற உள்முகவரிகள் மட்டுமே உண்டு. வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் பொது ஐபி முகவரி ஒன்றுதான். உள்ளிருந்து நாம் தொடங்கும் இணைப்புகளை ரவுட்டர் குறித்து வைத்துக்கொள்வதால் அவற்றுக்கான பதில் உரிய கருவிக்கு வந்து சேர்கிறது. வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்பை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரியாததால் அதை நிராகரித்துவிடுகிறது. வீட்டு எண் எழுதாத பார்சலை அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி திருப்பி அனுப்புவதைப் போன்றது இது.

முதலில் சர்வரின் உள்முகவரி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வையுங்கள். பலரும் தவறவிடும் படி இதுவே. பிறகு, எடுத்துக்காட்டாகப் பாதுகாப்பான இணையதளத்துக்கு (HTTPS), வெளிப் போர்ட் 443, சர்வரின் முகவரி, உள் போர்ட் 443, இணைப்பு நெறிமுறை டிசிபி என்று விதியை நிரப்பிச் சேமித்து, வீட்டு வைஃபையில் அல்லாமல் மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அப்போது உங்கள் விதி மட்டும் பயன்தராது, தனிப் பொது முகவரியைக் கேட்டுப் பெற வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டுமே பயன்படுத்துவதானால், விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் நுழைய உதவும் மறையாக்கப்பட்ட தனிவழி) அமைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளையிடும் வழி) போர்ட்டை 22-இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றினாலே பாதுகாப்பு வந்துவிடும் என்ற எண்ணம் தவறு. 65,535 போர்ட்களையும் தானியங்கி நிரல்களால் துழாவ முடியும் என்பதால், கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டுச் சாவிக்கோப்பு வழியாக மட்டுமே அனுமதிக்க வேண்டும்.