கல்லடி, கீறல்: வண்டிப் பெயின்ட் பற்றிக் கேளுங்கள்

பெயின்ட் பட்டறையில் 22 வருடமாக நிற்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாமக்கல்–சேலம் சாலையில் தினமும் போகிறேன். பானெட் முனையெங்கும் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. ஏன்?

ஜல்லி ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் ஒட்டிப் போயிருப்பீர்கள். மேலிருந்து விழும் கல் மட்டுமல்ல, இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே சிக்கிய கல்லும் தெறித்து வரும். தள்ளிப் போங்கள்.

தகட்டின் மேல் பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். இரண்டு தலைமுடிக் கனம். புள்ளியை வெயிலில் உற்றுப் பாருங்கள். பிரைமர் தெரிந்தால் அவகாசம் உண்டு. தகடு பளபளத்தால் மழைக்கு முன் மூடிவிடுங்கள். துரு பெயின்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து, கொப்புளமாக எழும்பும். வண்டியின் நிற எண்ணைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்குங்கள். இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, பல்குத்தும் குச்சியின் நுனியால் சொட்டு வையுங்கள். காய்ந்தபின் இன்னொரு சொட்டு. ஒரேயடியாக அப்பினால் மரு போல நிற்கும்.

செராமிக் கோட்டிங் போட்டால் கல் படாதாமே? 9எச் கடினம் என்கிறார்கள்.

படும். 9எச் என்பது பென்சில் கொண்டு கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கல்லடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. செராமிக் படலம் சில மைக்ரான்தான். தண்ணீர் வழிந்தோடும், பறவை எச்சம் எளிதில் போகும், பளபளப்பு நிற்கும். கல்லைத் தாங்குவது பெயின்டின் மேல் ஒட்டும் பாலியூரித்தேன் பிலிம். அது 150 முதல் 200 மைக்ரான். அடியை வாங்கி அமுங்கிக் கொடுக்கும்.

பிலிம் ஒட்ட என்ன செலவாகும்?

ஊருக்கு ஊர் மாறும். முழு வண்டிக்கும் வேண்டாம். பானெட், முன் பம்பர், பக்கக் கண்ணாடிகளின் மூடிகள் போதும்.

புதிதாக அடித்த பம்பரில் பிலிம் ஒட்டலாமா?

சில வாரம் பொறுங்கள். தின்னர் முழுதும் வெளியேற வேண்டும்.

கறுப்பு வண்டி. வெயிலில் சிலந்திவலை போலக் கீறல்கள்.

தினமும் காலையில் ஒருவர் ஒரே வாளி, ஒரே துணியுடன் தெருவிலுள்ள ஐந்து வண்டிகளைத் துடைக்கிறாரா? உங்களுக்கு முந்தைய வண்டியின் மணல் அந்தத் துணியில் இருக்கிறது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்காதீர்கள். முதலில் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். பிறகு ஷாம்பு, மைக்ரோபைபர் துணி. நகம் மாட்டாத கீறல் பாலிஷில் போகும். மாட்டினால் பாலிஷ் போதாது.

தூசி மட்டும்தான். உலர்ந்த துணியால் லேசாகத் தட்டலாமா?

கூடாது. மேலே சொல்லியிருக்கிறேன்.

ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது.

விளக்குக்காரரிடம் கேளுங்கள்.

செராமிக் பற்றி நீங்கள் சொன்னது தவறு. என் வண்டிக்குப் போட்டு இரண்டு வருடம், ஒரு புள்ளிகூட இல்லை.

நகருக்குள் மட்டும் ஓட்டுகிறீர்களா? அப்படியானால் கோட்டிங் இல்லாமலும் தப்பியிருக்கும். வாரம் ஒரு வண்டியாவது செராமிக் போட்டு, கல்லடி வாங்கி என் பட்டறைக்கு வருகிறது. பிலிமுக்குப் போகவேண்டிய பணத்தை அதில் போட்டுவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

செராமிக் போட்டவர் ஐந்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருக்கிறாரே?

அந்தத் தாளை எடுங்கள். கல்லடிக்கும் பொறுப்பு என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா, பாருங்கள்.