ஏற்றலாம், இறக்க முடியாது: கலிபோர்னியா தீ வரைபடக் கேள்வி-பதில்

2025 பிப்ரவரி 10 தொடங்கி மார்ச் 24 வரை நான்கு தவணையாக மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர், நகராட்சி, கவுண்டிப் பொறுப்பில் உள்ள நிலத்துக்கான புதுத் தீ அபாய வரைபடங்களை வெளியிட்டது. சிவப்பு என்றால் மிக அதிக அபாயம், ஆரஞ்சு அதிகம், மஞ்சள் மிதம், வெள்ளை எதிலும் சேராதது. அதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "எங்க வீடு சிவப்புல வந்துடுச்சு, எப்படி எடுக்கிறது?" எடுக்க முடியாது. அந்த முக்கால்வாசிப் பேருக்கும் பதில் முடிந்தது. ஊர்ப் பெயர்கூட எழுதாமல் வந்தவற்றையும் ஒதுக்கிவிட்டேன். எந்த நகராட்சி, எந்தக் கவுண்டி என்று தெரியாமல் நான் என்ன ஆரூடமா சொல்ல? மிச்சத்தைப் பார்ப்போம்.

பொதுமக்கள் கருத்துக்கு முப்பது நாள் என்றார்கள். எங்கள் வரைபடம் பிப்ரவரி 24-ல் வந்தது. கெடு முடிந்துவிட்டதே, இனி என்ன செய்ய? (ஃப்ரீமாண்ட்)

அந்த முப்பது நாள் உங்களுக்கு வைத்த கெடு இல்லை, நகராட்சிக்கு வைத்த கெடு. வரைபடம் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் அதை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். 120 நாளுக்குள் ஆர்டினன்ஸாக, அதாவது உள்ளூர்ச் சட்டமாக, நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அது 2025 ஜூன் கடைசி வாக்கு. ஆர்டினன்ஸுக்கு கவுன்சில் கூட்டத்தில் இரண்டு வாசிப்பு, நடுவில் குறைந்தது ஐந்து நாள். இரண்டாவது வாசிப்பு முடிகிற வரை எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம்.

ஆனால் முதல் வாசிப்புக்கே போய்விடுங்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் கன்சென்ட் காலண்டரில் பத்து விஷயத்தோடு சேர்த்து ஒரே ஓட்டில் தள்ளிவிடுவார்கள். நீங்கள் கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் முடிந்துவிடும். அஜெண்டாவை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படிப்பது உங்கள் வேலை.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ஹியரிங்கில் (கவுன்சிலின் கருத்துக் கேட்புக் கூட்டத்தில்) பேச அனுமதி உண்டா? (சன்னிவேல்)

உண்டு. உள்ளாட்சிக் கூட்டங்களை மக்களுக்குத் திறந்துவிடும் பிரவுன் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. பெயரைச் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது.

எங்கள் குன்றில் வருஷா வருஷம் ஆடு விட்டு மேய்க்கிறார்கள். வீட்டுக்கும் புதுக் கூரை, உலோக வலை போட்ட வென்ட் (காற்றுத் துளை), எல்லாம் செய்துவிட்டோம். அப்படியும் சிவப்பு. இது அநியாயம் இல்லையா? (டேன்வில்)

வரைபடத்தின் தலைப்பைப் படித்தீர்களா? அதில் இருப்பது ஹசார்ட், ரிஸ்க் இல்லை. தமிழில் நாம் இரண்டையும் அபாயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதில்தான் பாதிக் குழப்பம். சென்னை வெள்ளத்தில் மூழ்கும் முடிச்சூரில் இரண்டடி தூக்கிக் கட்டினால் வீட்டுக்குள் தண்ணீர் வராமல் தப்பிக்கலாம். அதற்காக அந்த இடம் பள்ளம் இல்லை என்று ஆகிவிடுமா? அதே கதைதான் இங்கேயும். அடுத்த முப்பது ஐம்பது வருஷத்தில் அந்த நிலத்தில் தீ எப்படி வரும், எவ்வளவு உயரம் எரியும், பொறி எவ்வளவு தூரம் பறக்கும் என்பதைத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆடு மேய்ந்தது இந்த வருஷம், அடுத்த மழைக்குப் புல் திரும்ப வரும். உங்கள் கூரையும் வென்டும் வீட்டைக் காப்பாற்றும், மலையின் குணத்தை மாற்றாது.

செய்த வேலை வீண் இல்லை. நிறத்துக்கு அதோடு சம்பந்தமில்லை, அவ்வளவே.

எங்கள் இடம் எஸ்.ஆர்.ஏ. (மாநிலப் பொறுப்பில் உள்ள நிலம்). எப்போது ஹியரிங்? (எல் டொராடோ கவுண்டி)

உங்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மாநிலப் பொறுப்பில் உள்ள நிலத்துக்கான வரைபடம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. இந்தக் கேள்வி-பதில் முழுக்க எல்.ஆர்.ஏ., அதாவது உள்ளாட்சிப் பொறுப்பில் உள்ள நிலம் பற்றியது என்று போன தடவையும் எழுதினேன்.

சிவப்பில் வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிட்டுவிடும் என்கிறார்களே? (சான் ஹோசே, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் ஒன்பது பேர்)

கம்பெனிகள் தங்களுக்கென்று தனி மாடல் வைத்திருக்கின்றன, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மதிப்பெண் போடுகின்றன. உங்களைக் கைவிட வேண்டும் என்று முடிவு செய்த கம்பெனி இந்த வரைபடத்துக்காகக் காத்திருக்கவில்லை. வரைபடம் வருவதற்கு முன்பே எத்தனையோ பேர், வேறு யாரும் தராதவர்களுக்குக் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் இன்ஷூரன்ஸுக்குத் தள்ளப்பட்டுவிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. கம்பெனியிடம் உங்கள் வீட்டு மதிப்பெண்ணை எழுத்தில் கேளுங்கள். 2022-ல் வந்த விதிப்படி அதைச் சொல்லியாக வேண்டும், நீங்கள் மேல்முறையீடு செய்யலாம், வீட்டைத் தீக்குத் தாங்குமாறு செய்திருந்தால் தள்ளுபடியும் தர வேண்டும். இதற்காக சிட்டி கவுன்சில் கூட்டத்துக்குப் போய் மைக்கைப் பிடிப்பது, கரண்ட் பில்லுக்குத் தாசில்தாரிடம் மனு கொடுப்பது மாதிரி.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ஆல்டடீனாவில் எரிந்த வீடுகளில் பல பழைய வரைபடத்தில் சிவப்பிலேயே இல்லையாமே. அப்புறம் இந்த வரைபடத்தால் என்ன பிரயோஜனம்? (அர்வைன்)

நல்ல கேள்வி, அபூர்வமாக. 2025 ஜனவரி 7-ல் அங்கே பிடித்த ஈட்டன் தீயில் ஒன்பதாயிரம் கட்டடத்துக்கு மேல் போயின. பழைய சிவப்புக்கு வெளியே இருந்த தெருக்களும் ஏராளம். இது முதல் தடவையும் இல்லை. 2017 அக்டோபரில் டப்ஸ் தீ 101 நெடுஞ்சாலையைத் தாண்டி சான்டா ரோசாவின் காஃபி பார்க்கில் ஆயிரத்து முந்நூறு வீடுகளைத் தின்றது. சமதளம், வரிசை வரிசையாக வீடு, அங்கே சிவப்பே கிடையாது. தாண்டியது தீச்சுவாலை இல்லை, காற்றில் வந்த பொறி. கூரையோர மழைநீர்க் கட்டரில் கிடந்த சருகு, வேலி, பக்கத்து வீடு என்று வீட்டுக்கு வீடு பற்றிக்கொண்டது.

பழைய வரைபடம் 2007-11 காலத்தது. நகர்ப் பகுதிக்கு அதில் சிவப்பு ஒன்றுதான். இப்போது ஆரஞ்சும் மஞ்சளும் சேர்ந்திருக்கின்றன. பொறி பறக்கும் தூரத்தையும், இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்த காற்று, வானிலைத் தரவையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பிடித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளையில் இருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

எங்கள் காலனியில் இருபது குடும்பம் சேர்ந்து போகிறோம். ஆளுக்கு மூன்று நிமிடம். சிவப்பை மஞ்சளாக்கக் கோரி ஒரே மனு தயார். எப்படிப் பேசினால் எடுபடும்? (சான் ரமோன்)

எப்படிப் பேசினாலும் எடுபடாது. நகராட்சி நிறத்தை ஏற்றலாம், இறக்க முடியாது. அரசாங்கச் சட்டத்தொகுப்பு 51179-ஆம் பிரிவு, பச்சையாக எழுதியிருக்கிறது. ஏற்றுவதற்குக்கூட பதிவில் போதுமான ஆதாரம் காட்ட வேண்டும். இறக்க, கவுன்சிலே ஒருமனதாக ஆசைப்பட்டாலும் வழியில்லை. இருபது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம். அதை நடக்காத காரியத்துக்குக் கொட்டப் போகிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நகராட்சியின் பிளானிங் அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி இப்படித்தான் வரைபடத்துக்கு ஹியரிங். அரங்கம் நிரம்பி வெளியில் டிவி வைத்தோம். அறுபது பேர் பேசினார்கள். வீட்டு விலை, வீட்டு விலை, வீட்டு விலை. ஒருத்தர் தன் தெருவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்து, "இந்தக் கோடு என் கராஜுக்கு நடுவில் போகிறது" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். பத்தே முக்காலுக்கு ஓட்டெடுப்பு. சட்டப்படி என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்கள், அப்படியே நிறைவேறியது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனது.

அடுத்த அஜெண்டா: அதே மலைமுகட்டில், அதே சிவப்புக்குள், இருநூறு வீடு கட்டும் மனை. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே சாலை. மனை எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வசித்தவர்கள்தான் அப்போதுதான் எழுந்து போனவர்கள். அரங்கத்தில் மிச்சமிருந்தது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி. அவர் மட்டும் எழுந்து, "தீ வந்தால் இந்த இருநூறு காரும் எங்கள் தெரு வழியாகத்தானே வரும்?" என்று கேட்டார். நாற்பது விநாடி. பதிலை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அவசர காலத் திட்டத்தில் கவனிக்கப்படும்" என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் வாய் கசக்கிறது. பதினைந்து நிமிடத்தில் மனை நிறைவேறியது.

லாஸ் ஏஞ்சல்ஸின் பசிபிக் பாலிசேட்ஸில் 2025 ஜனவரித் தீயில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். ஜனங்கள் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். தீயணைப்பு வண்டிக்கு வழிவிட புல்டோசர் வைத்து அந்தக் கார்களை ஒதுக்கினார்கள்.

உங்கள் மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதுங்கள். நகரின் நெடுங்கால வளர்ச்சித் திட்டமான ஜெனரல் பிளானில் சேஃப்டி எலிமென்ட் என்று ஓர் அத்தியாயம் உண்டு. தப்பிக்க இரண்டு வழிகூட இல்லாத குடியிருப்புகளை அதில் அடையாளம் காட்டச் சொல்லி 2019-லேயே சட்டம் வந்தாயிற்று. உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால் இரண்டாவது வழிக்கு யார், எந்த வருஷ பட்ஜெட்டில் பணம் ஒதுக்குகிறார்கள்? சிவப்புக்குள் இன்னும் கட்டாமல் கிடக்கிற நிலம் எவ்வளவு, அது எந்த ஜோனிங்கில் (நிலப் பயன்பாட்டு வகையில்) இருக்கிறது? சிவப்பு நிலத்தில் மனை பிரிக்க ஒப்புதல் தருவதற்கு முன்னால், தீயணைப்பு வசதி போதும் என்று கவுன்சில் எழுத்தில் முடிவு பதிய வேண்டும். அந்தப் பதிவுக்கு எதிராக நீங்கள் கொடுக்கும் கடிதம் கோப்பில் ஏறும், வழக்கு வந்தால் நிற்கும். இருபது பேரும் ஒரே பல்லவி பாடாமல் ஆளுக்கொரு கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, உங்கள் அயிட்டம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள். அடுத்த அயிட்டத்துக்கும் உட்காருங்கள்.

வீடு வாங்குகிறோம். ரியல்டர் "வரைபடம் இன்னும் ஆர்டினன்ஸ் ஆகவில்லை, கவலைப்படாதீர்கள்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா? (ஃபோல்சம்)

அது ஆர்டினன்ஸ் ஆனபிறகும் அதே வீட்டில்தானே இருக்கப் போகிறீர்கள்? ஆரஞ்சு, சிவப்பு இரண்டிலும் விற்பவர் வீட்டைச் சுற்றிப் புதர், சருகு அகற்றி இடைவெளி விட்டிருப்பதற்கான சான்று காட்ட வேண்டும். 2010-க்கு முன் கட்டிய வீடு என்றால் தீக்கு எளிதில் இடம் கொடுக்கும் அம்சங்களையும் எழுதித் தர வேண்டும். எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தை மூன்றாம் ஆளிடம் வைக்கும் கணக்கு) திறப்பதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் விலை கேட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடிவந்து எனக்கு எழுதாதீர்கள். போன வருஷம் மூன்று பேர் அப்படி எழுதினார்கள்.

பின்பக்கம் அப்பா அம்மாவுக்கு ஒரு ஏ.டி.யு. (அதே மனையில் சிறிய தனி வீடு) கட்டுகிறோம். ஆரஞ்சு. புது விதி வருமா? (பிளசன்டன்)

புதுக் கட்டடம், அதனால் வரும். வென்ட்டுக்கு எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத உலோக வலை, எளிதில் தீப்பிடிக்காத கூரை, டெம்பர்டு கண்ணாடி ஜன்னல். பழைய வீட்டை இடித்துக் கட்டச் சொல்லி யாரும் வரப் போவதில்லை. உங்கள் ஆர்கிடெக்டுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்றால் ஆளை மாற்றுங்கள்.

நூறு அடி இடைவெளி என்கிறார்கள். என் மனையே ஐம்பது அடி அகலம். பக்கத்து வீட்டு ஜூனிபர் புதர் என் வேலியில் சாய்கிறது. (ஓக்லண்ட் ஹில்ஸ்)

உங்கள் எல்லைக் கோடு வரைதான் உங்கள் பொறுப்பு. ஜூனிபருக்கு முதலில் அவரிடம் நல்லபடியாகப் பேசுங்கள், பிறகு தீயணைப்புத் துறைக்கு எழுதுங்கள். உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 1991 அக்டோபரில் அந்த மலையில் இருபத்தைந்து பேர் செத்து, மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வீடுகள் போனபிறகு 1992-ல் வந்த சட்டம்தான் நகர்ப் பகுதிக்கு இந்தச் சிவப்பையே கொண்டுவந்தது.

சுவரிலிருந்து ஐந்தடிக்குள் ஒன்றும் இருக்கக் கூடாதாம். வாசலில் துளசித் தொட்டி, மாவிலைத் தோரணம் எல்லாம் எடுக்க வேண்டுமா? அத்தை ஊரிலிருந்து வந்திருக்கிறார், வருத்தப்படுகிறார். (மில்பிடாஸ்)

ஐந்தடிக்கான விதி 2025-ல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த வருஷக் கடைசிக்குள் முடிக்கும்படி பிப்ரவரியில் கவர்னர் உத்தரவு போட்டிருந்தார். விதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பொறி காத்திருக்காது. துளசியை ஐந்தடி தள்ளி வையுங்கள். அத்தைக்குச் சுற்றி வரவும் இடம் கிடைக்கும். பச்சைத் தோரணம் ஒரு நாள் தொங்கட்டும். பொங்கலுக்குக் கட்டியது சித்திரையிலும் தொங்குகிறது என்றால் அது தோரணம் இல்லை, திரி. பிளாஸ்டிக் தோரணமும் வேண்டாம், பற்றினால் உருகிச் சொட்டும். சுவரோரம் கொட்டிய மரத்தூளை வாரிவிட்டு ஜல்லி போடுங்கள். வறண்ட காற்றால் தீ பரவும் என்ற ரெட் ஃபிளாக் எச்சரிக்கை வரும் நாளில் வாசலில் கிடக்கும் தேங்காய் நார் மிதியடியையும், மூலையில் சாத்தி வைத்த விளக்குமாற்றையும் மறக்காமல் உள்ளே எடுத்துப் போடுங்கள்.