ஜெர்மன் சிப்பாயின் அடையாளத் தகடு ஒன்று என்னிடம் இருக்கிறது. அவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

லாத்வியாவிலிருந்து இணையம் வழியாக ஒரு நீள்வட்டத் தகடு வாங்கியிருக்கிறீர்கள், உடையாமல் முழுசாக இருக்கிறது, உங்கள் இரண்டாம் உலகப்போர் சேகரிப்பில் வைக்கும்போது அதற்குரியவரின் பெயரும் படமும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், இன்றைக்கே, விற்றவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எந்த ஊரில், எந்தக் காட்டில், எந்த வயலில் கிடைத்தது? கூடவே எலும்பு இருந்ததா? இந்தப் பதில் கிடைத்தால்தான் மற்றதற்கெல்லாம் அர்த்தம்.

நான் வேலைக்காக ஜெர்மனி வந்து பதினோரு வருடம் ஆகிறது. லைப்ஸிக்கில் ஒரு பழம்பொருள் சந்தையில் இதே மாதிரி ஒன்றை வாங்கினேன். துத்தநாகத் தகடு, உள்ளங்கையில் அடங்கும். பள்ளங்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டிப் பதித்திருக்கிறார்கள். ஒரு 4 மட்டும் வரிசையிலிருந்து சரிந்து நின்றது. யாரோ ஒரு எழுத்தர் மேசையில் நூற்றுக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு அடி தவறியிருக்க வேண்டும். அதைப் பார்த்ததும்தான் இது ஒரு ஆளுக்காகச் செய்த பொருள் என்பது எனக்கு உறைத்தது.

தகட்டை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். நடுவில் வரிசையாக நீளமான துளைகள் இருக்கும். அதற்கு மேலும் கீழும் ஒரே விவரத்தை இரண்டு தடவை பதித்திருப்பார்கள். மேல் பாதியில் கயிறு கோக்க இரண்டு ஓட்டை, கீழ்ப் பாதியில் ஒன்று. ஆள் இறந்தால் கீழ்ப் பாதியை உடைத்து பெர்லின் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், மேல் பாதி உடலோடு குழிக்குள் போக வேண்டும். இதுதான் விதி. அப்படியென்றால் மண்ணிலிருந்து முழுத் தகடு வந்தால் என்ன பொருள்? அவரை யாரும் முறைப்படி எடுத்துப் புதைக்கவில்லை. அநேகமாக அவர் இன்றும் காணாமல்போனோர் பட்டியலில்தான் இருப்பார். உயிரோடு திரும்பியவர்கள் வீட்டிலிருந்தும் முழுத் தகடுகள் வருவதுண்டு. எது என்று விற்றவர்தான் சொல்ல முடியும்.

பெயர் தகட்டில் இருக்காது. படைப்பிரிவு, வரிசை எண், ரத்த வகை, அவ்வளவுதான். என் தகட்டில் பெரிதாக ஒரு ‘ஏ’ இருந்தது. பெயரின் முதலெழுத்து என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். அது ரத்த வகை. படைப்பிரிவின் பெயரைப் படிப்பதிலும் பலர் ஏமாந்துபோகிறார்கள். அங்கே பதித்திருப்பது தகட்டைக் கொடுத்த பிரிவு, பெரும்பாலும் ஆள் சேர்ந்த புதிதில் பயிற்சி பெற்ற ‘எர்ஸாட்ஸ்’ படை. அதன் பிறகு அவர் எத்தனையோ பிரிவு மாறியிருக்கலாம். அந்தப் பிரிவின் போர் வரலாற்றைப் படித்துவிட்டு ‘இவர் இங்கே விழுந்தார்’ என்று அட்டையில் எழுதிவிடாதீர்கள்.

எண்ணிலிருந்து பெயருக்குப் போக ஒரே பாலம் பெர்லினில் இருக்கிற பதிவேடுகள். எந்தத் தகடு யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருடையது தொலைந்து புதிது வந்தது என்று ஒவ்வொரு பிரிவும் அங்கே பட்டியல் அனுப்பிக்கொண்டே இருந்தது. 1939 ஆகஸ்டில் தொடங்கிய அந்த அலுவலகத்தை ‘வாஸ்ட்’ என்பார்கள். 2019 ஜனவரி முதல் அது ஜெர்மன் கூட்டாட்சி ஆவணக் காப்பகமான பூண்டஸ்ஆர்கீவின் ஒரு பகுதி. தகட்டின் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, கிடைத்த இடத்தையும் எழுதி அவர்களுக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்து எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பதில் வர மாதக்கணக்காகும்.

எனக்குப் பதில் வந்தது. பெயர், பிறந்த தேதி, ஊர். கடைசி வரி: 1945 ஜனவரி, குர்லாந்து, காணவில்லை. 1944 அக்டோபரிலிருந்து போர் முடியும்வரை ஜெர்மன் படை லாத்வியாவின் மேற்கில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிக்கிக் கிடந்ததே, அந்தக் குர்லாந்து.

அப்புறம் செஞ்சிலுவைச் சங்கத்தின் படப் பட்டியலில் தேடினேன். 1950களின் பிற்பகுதியில், காணாமல்போன சுமார் 14 லட்சம் பேரின் விவரத்தைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு, ஊர் திரும்பிய சிப்பாய்களிடம் காட்டி ‘இவரைப் பார்த்தாயா’ என்று கேட்டார்கள். வீட்டார் கொடுத்த படங்கள் அதில் சுமார் ஒன்பது லட்சம். என் ஆள் அதில் இருந்தார். சீருடை இல்லை, கோட்டும் டையும், காதுகள் கொஞ்சம் பெரிது. யாரோ ஒரு அம்மா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த படமாக இருக்கலாம்.

உடனே சந்தைக்குப் போய் விற்றவரைப் பிடித்தேன். தனக்கு ஒருவர் மொத்தமாக ஒரு பெட்டி கொடுத்ததாகவும், அதற்கு மேல் எதுவும் தெரியாது என்றும் சொல்லிவிட்டார். அங்கேயே எல்லாம் முடிந்துபோனது. குர்லாந்து மண்ணில் எங்கேயோ அவர் எலும்பு கிடக்கிறது. நாளைக்கு அதை முறைப்படி எடுப்பவர்கள் கழுத்தருகே தகட்டைத் தேடுவார்கள். அது என் வீட்டில் இருக்கிறது. அவரைப் பெயரில்லாமல்தான் புதைப்பார்கள். காசுக்காகக் காட்டைத் தோண்டுகிறவர்கள் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அவர் ஹிட்லரின் படைக்காகப் போரிட்டவர், அதை நான் மறக்கவில்லை. நீங்களும் காட்சி அட்டையில் அந்தப் படை லாத்வியாவில் செய்ததை மறைக்காமல் எழுதுங்கள். அதற்காக ஒருவரின் எலும்பிலிருந்து பெயரைப் பிரித்துவிடலாம் என்றாகாது.

எனவே விற்றவர் இடத்தைச் சொன்னால் அதைத் தகட்டின் படத்தோடு ஃபோல்க்ஸ்பூண்டுக்கும் அனுப்புங்கள். 1919 முதல் ஜெர்மன் போர்க் கல்லறைகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. பெயர் தெரிந்த பிறகு அவர்களுடைய இணையப் பதிவேட்டில் நீங்களே இலவசமாகத் தேடலாம். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் உண்டு.

தகட்டைத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்கு மாதிரி புளி, எலுமிச்சை எதுவும் படக் கூடாது, துத்தநாகத்தை அமிலம் தின்றுவிடும். மெல்லிய பிரஷ்ஷால் மண்ணைத் தட்டினால் போதும். ஹிட்லரின் நாஜிக் கட்சிக்கென்றே இருந்த ‘எஸ்.எஸ்.’ படையின் பிரிவுப் பெயர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விலை அதிகம் என்பதால் போலிகளும் அதில்தான் அதிகம்.

என் அலமாரியில் இப்போது தகட்டின் படம் மட்டும் இருக்கிறது. அசலை உறையில் போட்டு, வீட்டார் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு ஜெர்மனில் விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். விற்றவருக்குச் செய்தியை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.